செந்தூல் குழாயிலிருந்து பிரேசர் மலைக்கு

வியாழன் இரவு, கோல சிலாங்கூர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றதே, அப்போதுதான் கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் பாதிப் பேருக்கு அந்த ஆற்றின் பெயரே தெரிய வந்தது. மாமாவுக்கு முன்பே தெரியும். அவர் பிறந்தது பத்தாங் காலிப் பக்கத்துப் பால்மரத் தோட்டம்.

"முகத்துவாரத்துலேருந்து மலை வரைக்கும் அந்த ஆத்தப் பாத்துடணும்மா. வழியில குருவியும் பாக்கலாம்" என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறை வந்தது. அக்கா மகன் புது கேமரா வாங்கியிருந்தான். மைவி காரில் மூன்று பேர், இரண்டு தொலைநோக்கி, ஒரு பெரிய டப்பா முறுக்கு. கிளம்பிவிட்டோம்.

கிளம்பும்போதே ஒரு சண்டை. அக்கா மகன் படம் எடுத்த பறவையைத்தான் பட்டியலில் சேர்ப்பானாம். மாமாவுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. "சத்தம் கேட்டா வந்திருக்குன்னுதானே அர்த்தம்? தபால்காரன் மணி அடிச்சா போட்டோ எடுத்தா நம்புவ?" என்றார். தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் வண்டி ஓட்டுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

கோல சிலாங்கூரில் முதலில் புக்கிட் மெலாவாத்தி. வெள்ளிநிறக் குரங்குகள் மனிதர் மடியிலேயே ஏறி உட்காருகின்றன. தாயெல்லாம் சாம்பல் நிறம், குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு. குன்றின் கீழே இயற்கைப் பூங்கா. 1987 முதல் மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியில் காப்பாற்றப்பட்ட கண்டல் காடு அது. சேற்று மணம், கொசு, வெயில். ஆனால் பத்து நிமிடத்தில் கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்டிய மீன்கொத்தி, ஒட்டுத்துணி நிறத்தில் பெரிய அலகு மீன்கொத்தி, மரத்துக்கு மரம் சாம்பல் நாரை, தலைக்கு மேல் செம்பருந்து. மாமாவின் சித்தாந்தம் இங்கேதான் ஆரம்பித்தது: இந்த ஆற்றில் எந்த உயரத்தில் நிற்கிறோம் என்று பலகை பார்க்க வேண்டாம், தண்ணீரோரப் பறவையே சொல்லிவிடும். கழுத்துப்பட்டை மீன்கொத்தி என்றால் உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. மேலே போகப் போகப் பார்ப்போம் என்றார்.

இரவு கம்போங் குவாந்தானில் மின்மினி. துடுப்புப் படகு, நான்கு பேருக்கு ஒன்று. பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைகின்றன. இந்தப் பூச்சியின் புழு கரையோரச் சேற்றில் நத்தை தின்று வளர்கிறது. அதனால் கரையைச் சிமெண்டு போட்டு அழகுபடுத்தினால் விளக்கு அணைந்துவிடும். படகோட்டிப் பெரியவர் போனில் ஃபிளாஷ் போட்ட ஒருவரை மட்டும் அதட்டினார். எங்களுக்கெல்லாம் மனசு குளிர்ந்தது.


வெள்ளி, கோல குபு பாரு

இன்று பயணம் அதிகம், பறவை குறைவு. பெஸ்தாரி ஜெயா வழியாக வந்தோம். மாமா இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்கிறார். பழைய ஈயச் சுரங்க லம்பங்கள் எல்லாம் இப்போது ஏரி. நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நின்றன. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லாத பறவை, கடந்த சில ஆண்டுகளாக வடக்கிலிருந்து வந்து நிரம்பிவிட்டது.

அப்புறம் செம்பனை, செம்பனை, செம்பனை. ஆனாலும் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருக்கிற தோட்டங்களைக் கவனியுங்கள். கூகைக்குக் கட்டிய வீடு அது. செம்பனைப் பழத்தைத் தின்கிற எலிக்கு விஷம் வைப்பதைவிடக் கூகைக் குடும்பத்தைக் குடிவைப்பது மலிவு என்று பல தோட்டங்கள் கண்டுகொண்டன. எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் கூகை கத்தினாலே சாவு வரும் என்று கல்லெறிந்தவர்கள். இப்போது அதே கூகைக்குத் தோட்ட நிர்வாகம் பெட்டி அடித்துக் கொடுக்கிறது.

வாய்க்கால் ஓரமெல்லாம் வெண்மார்பு மீன்கொத்தி. கழுத்துப்பட்டைக்காரன் காணாமல் போய்விட்டான். "சொன்னேன்ல?" என்று மாமா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

கோல குபு பாருவில் தங்கல். இந்த ஊர் பெயரில் இருக்கிற 'பாரு' சும்மா வந்ததில்லை. பழைய கோல குபு 1883-இல் அணை உடைந்து வெள்ளத்தில் போனது. ஊரின் வெள்ளைக்கார அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று உள்ளூரில் கதை உண்டு. அதற்குப் பிறகும் ஈயச் சுரங்க மண் ஆற்றை அடைத்து ஊருக்குள் வெள்ளம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மேட்டுநிலத்தில் சார்லஸ் ரீட் என்ற நகரத் திட்டக்காரர் பூங்கா நகரமாக வரைந்து கொடுத்ததுதான் இப்போதைய ஊர். மேலே மரத்தை வெட்டி மண்ணைக் கிளறினால் கீழே ஊர் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இந்த ஆற்றங்கரையில் இல்லை.

சாயங்காலம் சிலாங்கூர் ஆற்று அணைக்குப் போனோம். அழகான பச்சைத் தண்ணீர், ஆளாளுக்குச் செல்ஃபி. அந்தத் தண்ணீருக்காகத் தெமுவான் ஒராங் அஸ்லி மக்களின் கெராச்சி, பெர்த்தாக் என்ற இரண்டு கிராமங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. செந்தூலில் குழாயைத் திறக்கும்போது எனக்கு இது ஞாபகம் வந்ததே இல்லை.


சனி, பிரேசர் மலை

விடிகாலையில் பசியாறாமல் சீலிங் ஆற்றுக்கு. (மாமா மட்டும் பையில் இரண்டு நாசி லெமாக் பொட்டலம் ஒளித்து வைத்திருந்தார்.) இது கெலா மீன்களுக்கான சரணாலயம். மீன் பிடிக்கத் தடை. மீன்களுக்கும் அது தெரிந்திருக்கிறது போல, முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றால் காலைச் சுற்றுகின்றன.

ஆற்றைக் கடந்து கடந்து போகிற பாதை. அக்கா மகன் முதலில் தண்ணீருக்குள் ஓடப் பார்த்தான். மாமா கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து, திடீரென்று வெள்ளம் சுவர்போல வரும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள். அதற்கு முன்னறிவிப்பு உண்டு: தண்ணீர் கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், ஆற்றுச் சத்தம் மாறும். இதில் ஒன்று தெரிந்தாலும் போனையும் செருப்பையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். இன்று தண்ணீர் கண்ணாடி. ஏறினோம்.

இரண்டாவது திருப்பத்தில் கிடைத்தது நான் வந்த காரியம். செந்தலை ஃபோர்க்டெயில். கறுப்பு வெள்ளை உடம்பு, பிடரி செங்கல் நிறம், வெள்ளைக் கட்டுப் போட்ட நீளமான பிளவுபட்ட வால். நனைந்த பாறைமேல் நடந்து நடந்து எதையோ கொத்தும். ஓர் அடிக்கு ஒருமுறை வால் மேலே கீழே. ஆள் வந்தால் கீச்சென்று ஒரு கூர்மையான சத்தம் போட்டு அடுத்த திருப்பத்துக்குப் பறக்கும். நாம் அடுத்த திருப்பத்துக்குப் போனால் அதற்கடுத்த திருப்பம். இப்படியே ஆறு முழுக்க நம்மை ஓட்டும். ஓடவே கூடாது என்பது மாமா கட்சி. அதற்கென்று ஓர் எல்லை இருக்கிறது, எல்லை முடிந்ததும் தலைக்கு மேலே சுற்றித் திரும்பி வரும். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கால்மணி நேரம். திரும்பி வந்தது. அக்கா மகனின் கேமரா சடசடவென்று பேசியது.

அது தின்பது ஓடும் தண்ணீரில் கல்லுக்கடியில் வாழும் பூச்சிப் புழுக்கள். சேறு படிந்த ஆற்றில் அந்தப் புழு இருக்காது, புழு இல்லாத இடத்தில் இந்தப் பறவைக்கு வேலை இல்லை. தண்ணீர் சோதனைக்கூடத்தில் சொல்வதை இது வாலாட்டிச் சொல்கிறது.

ஒன்பது மணிக்குமேல் குடும்பங்களும் ஒலிபெருக்கிகளும் வந்துவிட்டன. கிளம்பினோம்.

பிரேசர் மலைக்கு ஏறும் 55-ஆம் எண் சாலை வளைவுகளின் திருவிழா. மாமாவின் அப்பா பி.டபிள்யூ.டி. ஆள், இந்தப் பக்கத்துச் சாலைகளுக்குக் கல் உடைத்தவர்களில் ஒருவர். ஒவ்வொரு வளைவிலும் "இது எங்கப்பா போட்டதா இருக்கும்" என்றார். மறுக்க யாருக்கு மனசு வரும்? வழியில் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்ட இடம் வருகிறது. 1951 அக்டோபர் 6, அவசரகாலம், கம்யூனிஸ்டுகளின் பதுங்கித் தாக்குதல். பிரிட்டிஷ் ஹைகமிஷனர் பிரேசர் மலைக்கு ஓய்வுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கேப் என்ற கணவாயில் சிலாங்கூர் முடிந்து பகாங் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே போகும் பழைய சாலை ஒரு வண்டி அகலம்தான். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மணி பிரித்துக் கதவு திறந்துவிட்ட காலம் உண்டு. மேலே வந்து சேரும்போது மூடுபனி. கல்வீடுகள், மணிக்கூண்டு, ஒன்பது குழி கோல்ஃப் மைதானம், ஸ்வெட்டர் போட்ட சிங்கப்பூர்க்காரர்கள். லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே ஈய வியாபாரம் செய்துவிட்டுக் காணாமல் போனார். அவரைத் தேடி 1917-இல் ஏறிய சிங்கப்பூர் பிஷப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, குளிர் கிடைத்தது. 1922-இல் மலைவாசத்தலம் திறந்தாயிற்று.

குளிக்கப் போன அக்கா மகன் தண்ணீர் ஐஸ் என்று அலறிக்கொண்டு வெளியே வந்தான்.


ஞாயிறு, பிரேசர் மலை

இந்த மலைக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு என் யோசனை: காட்டுப் பாதையை மறந்துவிட்டு, விடிவதற்கு முன்பே எழுந்து, இரவெல்லாம் எரிந்த ஒரு வெளிவிளக்கின் கீழே போய் நில்லுங்கள். தங்குவிடுதிச் சுவராக இருந்தாலும் போதும்.

ராத்திரி அந்த வெளிச்சத்துக்கு வந்த விட்டில்கள் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும். உள்ளங்கை அகலத்தில்கூட இருக்கும். பறவைகளுக்கு இந்தச் சாப்பாட்டுக் கடை திறக்கும் நேரம் தெரியும். இன்னும் இருட்டாக இருக்கும்போதே சாக்கடைப் பக்கமிருந்து சீகாரப் பூங்குருவியின் மலேயா உறவினர் வந்து தரையில் விழுந்தவற்றைப் பொறுக்கினார். வெளிச்சம் வந்ததும் சிரிப்பான்கள் இரண்டு வகை, நீளவால் சிபியா, துடுப்பு வால் கரிச்சான். அப்புறம் மெசியா கூட்டம்: மஞ்சள் உடம்பு, சிவந்த தொண்டை, கறுப்புத் தலை, காதில் வெள்ளி. காகம்போல சர்வ சாதாரணமாகக் கைக்கெட்டும் தூரத்தில் குதிக்கின்றன. இதே பறவையைக் கூண்டு வியாபாரத்துக்காகச் சுமாத்திராவில் பிடித்துப் பிடித்துப் பல மலைகளில் இல்லாமலாக்கிவிட்டார்கள். இங்கே அது ஆளைக் கண்டு பயப்படாமல் இருப்பதே பெரிய விஷயம்.

ஏழரைக்கு எல்லாம் காலி. கடை மூடிவிட்டார்கள். நாங்களும் தோசைக்கு ஏங்கிக்கொண்டே ரொட்டி சானாய் தின்றுவிட்டு, டெலிகாம் வளையச் சாலைக்குப் போனோம்.

மலைக்காட்டில் பறவை பார்ப்பது தோட்டத்தில் பார்ப்பதுபோல இல்லை. அரைமணி நேரம் ஒன்றும் இருக்காது. இலைகூட அசையாது. பறவையே செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது எங்கோ ஒரு சின்னச் சத்தம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, திடீரென்று மரமே உயிர்த்து எழும். பத்துப் பதினைந்து இனங்கள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டு காட்டைக் கடக்கின்றன. இங்கே பறவை பார்ப்பவர்கள் அதை அலை என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தளம். உச்சியில் மின்சிட்டுகள், ஆண் சிவப்பு, பெண் மஞ்சள். அடிமரத்தில் நீலப் பசையெடுப்பான் தலைகீழாக இறங்கும். நடுக்கிளையில் பச்சைச்சிட்டு, சுல்தான் சிட்டு, கறுப்பு வெள்ளைக் குட்டி ஈப்பிடிப்பான். ஒருவர் கிளறிவிட்ட பூச்சியை அடுத்தவர் பிடிக்கிறார். இத்தனை ஜோடிக் கண்கள் இருப்பதால் பருந்து வந்தால் யாராவது ஒருவர் கத்திவிடுவார். கரிச்சான் பின்னாலேயே வருவது மட்டும் உழைக்க அல்ல, அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்க.

இரண்டு நிமிடம் இருக்கும். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தொலைநோக்கியை அங்கும் இங்கும் ஆட்டினேன். மாமா தொலைநோக்கியை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கிக்கொண்டிருந்தார். அலை சாலையைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியது. அக்கா மகனிடம் நிறைய இலைகளின் படம் இருந்தது.

மத்தியானம் ஹெம்மன்ட் பாதை. அட்டை. உப்பு, புகையிலை, காலுறைக்கு மேல் காலுறை என்று எல்லோரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். எதுவும் முழுசாக வேலை செய்யாது, கடித்தால் விரலால் உருட்டி எறிந்துவிட்டு நடக்க வேண்டியதுதான்.

அந்தப் பாதையில் ஒரு படப்பிடிப்புக் குழு போனில் ஆறுமணிக் குருவியின் மலேயா உறவினர் ஒருவரின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. மாமா நேரே போய், "தம்பி, அது இன்னொரு ஆம்பள தன் வீட்டுக்குள்ள வந்துட்டான்னு நெனச்சுத் தவிக்குது. குஞ்சு வளக்கிற நேரம். கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றார். நிறுத்தினார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நாங்கள் நூறடி தள்ளிப் போனதும் மறுபடி கேட்டது. படம் நல்லா வந்திருக்கும். எனக்கு அந்தப் படம் பிடிக்காது.


திங்கள், செந்தூல்

இறங்குவதற்கு முன் மாமாவின் கடைசி ஆசை: ஆறு பிறக்கிற இடம். ஒரே ஓர் ஊற்றுக்கண் என்று எதுவும் இல்லை. தித்திவங்சா தொடர் கருங்கல் மலை. உச்சிக் காட்டில் மரமெல்லாம் பாசி போர்த்தியிருக்கும். மழையையும் மேகத்தின் ஈரத்தையும் அந்தப் பாசியும் மக்கிய இலையும் பிடித்து வைத்துக்கொண்டு, மண்ணுக்கும் பாறை வெடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கின்றன. அது சரிவில் நூறு இடத்தில் சுனையாகக் கசிகிறது. மழை இல்லாத வாரத்திலும் சீலிங் ஓடுவது இதனால்தான். இந்தத் தொடரில் மேற்கே கசிவது நம் பக்கம் வருகிறது, கிழக்கே கசிவது பகாங் ஆற்றுக்குப் போகிறது.

சாலையோரச் சுவரில் மூங்கில் குழாய் செருகியிருந்த ஒரு கசிவைக் கண்டுபிடித்தோம். அதன் கீழே குட்டி ஓடை. ஓடையில் ஒரு ஃபோர்க்டெயில், ஆனால் இதற்குச் செந்தலை இல்லை, முதுகு ஸ்லேட் நிறம். மலையில் மட்டும் இருக்கும் வகை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. முறுக்கும் தீர்ந்துவிட்டது.

கேப்பில் நிறுத்தினோம். கீழ்நாட்டுப் பறவையும் மலைப்பறவையும் சந்திக்கும் உயரம். பள்ளத்தாக்கில் காண்டாமிருக இருவாச்சி ஜோடி கடந்தது. வருவதற்கு முன்பே சிறகுச் சத்தம் வந்துவிட்டது, ஊதுலை துருத்திபோல. அக்கா மகன் இந்த முறை இலையைப் படம் பிடிக்கவில்லை. முட்டை வைக்கும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும், ஆண் வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஊட்டும். அவ்வளவு பெரிய பொந்துக்கு அவ்வளவு பெரிய மரம் வேண்டும்.

அப்புறம் தூரத்தில் 'கூப்' என்று ஒன்று. நிதானமாக இன்னொன்று. இடைவெளி குறைந்து குறைந்து கடைசியில் வெறிபிடித்த சிரிப்பு. மாமா என் கையை இறுகப் பிடித்தார். ஹெல்மெட் இருவாச்சி. மாமியார் வீட்டுக் கால்களைக் கோடரியால் வெட்டிவிட்டுச் சிரித்த மருமகன்தான் இப்படி ஆனான் என்று மலாய்க் கதை. மற்ற இருவாச்சிகளின் கொண்டை உள்ளே வெற்றிடம், இதற்கு மட்டும் கெட்டி. தந்தம்போலச் செதுக்கலாம் என்பதற்காகவே கொல்கிறார்கள். 2015-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். அரைமணி காத்திருந்தோம். கண்ணில் படவில்லை.

கோல குபு பாருவில் வாழையிலைச் சாப்பாட்டின்போது சண்டை மறுபடி தொடங்கியது.

"படம் இல்ல தாத்தா. சேக்க முடியாது."

"காதுல கேட்டது மூணு பேரு. கோர்ட்டுல ரெண்டு சாட்சி போதும்டா."

அக்கா மகன் பறவைப் பட்டியல் பதிகிற ஈபேர்ட் செயலியைத் திறந்து விதிமுறையைத் தேடினான். ரசம் ஊற்றும் நேரத்தில் அவன் முகம் மாறியது. கேட்ட பறவையும் செல்லுமாம். இந்த இருவாச்சியைப் பதிந்தால், வேட்டைக்காரன் கண்ணில் படாதபடி இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்தும் விடுவார்களாம். மாமா பாயசம் இன்னொரு தடவை வாங்கினார். வண்டியில் ஏறியதிலிருந்து விரல் மடக்கி மடக்கிச் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்துகொண்டே வந்தான்.

"பழைய தேதியும் போடலாமா அதுல?"

"போடலாம் தாத்தா."

"அப்ப எழுது. பத்தாங் காலி தோட்டம், 1968. இதே சிரிப்புதான், லயத்துக்குப் பின்னாடி காட்டுல."

"எந்த மாசம்?"

மாமா யோசித்துக்கொண்டே இருந்தார். ராவாங் டோல் வந்துவிட்டது, அதற்கப்புறம் வழக்கமான ஜாம்.